நத்தாலியா கர்பனேவ்ஸ்கயா: கவிஞரின் கையில் செய்தி இதழ்

இளமாறன் எழுதியது:

மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் ரஷ்யக் கவிஞரும் செய்தியாளருமான நத்தாலியா கர்பனேவ்ஸ்கயாவைப் பற்றி அரை மணி நேரம் பேசும் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறேன். கிடைத்தவற்றையெல்லாம் படித்துப் பார்த்ததில் எனக்கு ஒரு சிக்கல் எழுந்திருக்கிறது.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே நாளைச் சுற்றியே வருகிறார்கள். 1968 ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை நண்பகல். செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் படைகள் நுழைந்து நான்கைந்து நாட்களே ஆன நிலையில், அதை எதிர்த்து மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் எட்டுப் பேர் பதாகைகளுடன் அமர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான கர்பனேவ்ஸ்கயா, மூன்று மாதக் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து அழைத்து வந்திருந்தார். பதாகைகளும் சிறிய செக் கொடி ஒன்றும் அந்த வண்டியில்தான் வந்தன. அமெரிக்கப் பாடகி ஜோன் பயேஸ் அவரைப் பற்றிப் பாடியது வரை இந்தக் கதை பரவியிருக்கிறது. ஆனால் 1936இல் பிறந்து 2013இல் மறைந்த ஒருவரின் எழுபத்தேழு ஆண்டு வாழ்வை அந்தச் சில நிமிடங்களில் அடைத்துவிட எனக்கு மனமில்லை.

என்னைக் குழப்புவது வேறொன்று. சோவியத் ஒன்றியத்தில் நடந்த மனித உரிமை மீறல்களைப் பதிவு செய்த 'நிகழ்காலச் சம்பவங்களின் குறிப்பேடு' என்ற தலைமறைவு இதழைத் தொடங்கியவரும் அதன் முதல் ஆசிரியரும் இவரே. அந்த இதழின் சில பக்கங்களை ஆங்கிலத்தில் படித்தேன். யார் கைதானார், எந்தச் சட்டப்பிரிவு, எத்தனை ஆண்டு தண்டனை என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. கோபம் இல்லை, இரக்கம் இல்லை, அடைமொழிகூட இல்லை. ரஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவாவின் கடைசி ஆண்டுகளில் அவரோடு பழகி, இளங்கவிஞர் ஜோசப் பிராட்ஸ்கியோடு நட்பு கொண்டிருந்த ஒரு கவிஞர், இப்படி உலர்ந்த உரைநடையைத் தேர்ந்தெடுத்தது ஏன்? செஞ்சதுக்க வழக்கில் மற்றவர்கள் உடனே தண்டிக்கப்பட்டபோது இவர் மட்டும் வெளியே இருந்ததும், ஓராண்டுக்கு மேல் கழிந்தபின் கைதாகி மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டதும் எதனால்? அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

பழைய பிழைதிருத்துநர் எழுதியது:

நண்பர் இளமாறன் அவர்களுக்கு வணக்கம். பத்திரிகை அலுவலகத்தில் செய்திப் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இதழைப் பற்றிய பகுதிக்கு மட்டும் விடை சொல்கிறேன். கவிதையைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இம்மன்றத்தில் இருக்கிறார்கள்.

முதல் இதழ் 1968 ஏப்ரல் 30 தேதியிட்டது. அது ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த மனித உரிமை ஆண்டு. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 19ஆம் பிரிவு, அதாவது தகவலைத் தேடவும் பெறவும் பரப்பவும் ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமையைச் சொல்லும் பிரிவு, இதழின் முகப்பிலேயே இடம்பெற்றது. கர்பனேவ்ஸ்கயா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. மெல்லிய தாள்களுக்கிடையே கார்பன் தாள்களை வைத்துத் தட்டச்சு இயந்திரத்தில் தாமே அடித்தார். அந்தச் சில படிகளைப் பெற்றவர்கள் தாங்களும் அதேபோல் அடித்துப் பிறருக்குக் கொடுத்தார்கள். அச்சகமும் இல்லை, முகவரியும் இல்லை, ஆசிரியர் பெயரும் இல்லை. ரஷ்யர்கள் சமிஸ்தாத் என்று அழைக்கும் இந்தத் தன்வெளியீட்டு முறையில் அதுவரை கவிதைகளும் நாவல்களும் கட்டுரைகளும்தான் பெரும்பாலும் உலவின. ஒழுங்காக வெளிவரும் செய்தி இதழ் ஒன்றை அந்த வழியில் நடத்திக் காட்டியது இவருடைய பெரும் சாதனை என்பது என் கருத்து.

செய்தி எப்படி வந்து சேர்ந்தது என்பதை உங்கள் கூட்டத்தில் அவசியம் சொல்லுங்கள். வாசகர்கள் இதழுக்குத் தகவல் அனுப்ப விரும்பினால், தங்களுக்கு இதழைக் கொடுத்தவரிடம் சொல்ல வேண்டும். அவர் தமக்குக் கொடுத்தவரிடம் சொல்வார். அப்படியே அது ஆசிரியர் வரை போய்ச் சேரும். சங்கிலி முழுவதையும் தாமே பின்தொடர்ந்து போக முயல வேண்டாம், முயன்றால் உங்களை உளவாளி என்று எண்ணிவிடுவார்கள் என்ற எச்சரிக்கையையும் இதழே அச்சிட்டது. கசப்பான நகைச்சுவை அதில் இருந்தாலும், நடைமுறைக்கு அது மிகவும் தேவையான அறிவுரை. இந்தச் சங்கிலியின் வழியாக மாஸ்கோவுக்கு வெளியே உள்ள சிறை முகாம்களிலிருந்தும், தாயகத்துக்குத் திரும்பப் போராடிய கிரீமியத் தாத்தார்களிடமிருந்தும், உக்ரைனிலிருந்தும், பாப்திஸ்து கிறித்தவ சபையினரிடமிருந்தும் செய்திகள் வந்தன. பின்னாளில் லிதுவேனியக் கத்தோலிக்கர்கள் 1972இல் தமக்கெனத் தனியாகத் தொடங்கிய குறிப்பேடு இந்த முன்மாதிரியைப் பின்பற்றியதுதான்.

இனி உலர்ந்த நடை குறித்து. அந்த நாட்டில் அரசுப் பத்திரிகைகள் முழுவதும் அடைமொழிகளால் நிரம்பியிருந்தன. "இழிந்த அவதூறு", "பகைவரின் கையாள்" என்று ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் ஒரு தீர்ப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மொழிக்கு எதிராக வேறொரு அடைமொழிக் குவியலை எழுப்பினால் வாசகருக்குக் கிடைப்பது இன்னொரு பிரச்சாரம்தான். மேலும், சோவியத் சமூக அமைப்பை இழிவுபடுத்தும் பொய்களைப் பரப்புவதைக் குற்றமாக்கிய 190-1 என்ற சட்டப்பிரிவு 1966இலேயே வந்துவிட்டது. பொய் என்று சுட்டிக்காட்ட ஒரு வரிகூட இல்லாமல் எழுதுவது அறம் மட்டுமல்ல, தற்காப்பும்கூட. பிழை நேர்ந்தபோது அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டார்கள். தலைமறைவாக நடக்கும் இதழ் ஒன்று, பெயரிலோ தேதியிலோ நேர்ந்த தவற்றை எடுத்துச் சொல்லித் திருத்திக்கொள்வதைப் பார்க்கும்போது, என் போன்ற தொழில்காரனுக்கு வணங்கத் தோன்றுகிறது.

இந்த நடைக்கு ஒரு முன்னோடியும் உண்டு. 1964இல் லெனின்கிராத் நீதிமன்றத்தில் பிராட்ஸ்கியை "ஒட்டுண்ணி" என்று விசாரித்தபோது ஃபிரீதா விக்தரோவா என்ற பெண் செய்தியாளர், நீதிபதி தடுத்தும் கேளாமல், கேள்வியையும் பதிலையும் நாடக உரையாடல்போல் அப்படியே குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகள் கைமாறிப் பரவி வெளிநாடுகளையும் எட்டின. கருத்துரை எதையும் சேர்க்காமல் நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும், அதிகாரம் தன் வாயாலேயே தன்னை அம்பலப்படுத்திக்கொள்ளும் என்பதை அந்தத் தலைமுறை அங்கே கற்றுக்கொண்டது. செஞ்சதுக்க வழக்கு விசாரணையைத் தொகுத்து கர்பனேவ்ஸ்கயா உருவாக்கிய 'நண்பகல்' என்ற நூலும் அதே வழியில் அமைந்தது. 1970இல் ஜெர்மனியில் ரஷ்ய மொழியிலும் 1972இல் ஆங்கிலத்திலும் அது வெளியானது.

1969 டிசம்பர் 24 அன்று அவர் கைதானார். அந்தச் செய்தியும் அடுத்த இதழில் அதே நடையில்தான் வந்தது. அவருக்குப் பின் அனதோலி யாகப்சன், தத்தியானா வெலிக்கானவா, செர்கேய் கவல்யோவ் முதலியோர் பொறுப்பேற்றார்கள். 1972 இறுதியிலிருந்து 1974 மே வரை, இதழ் வந்தால் மேலும் பலரைக் கைது செய்வோம் என்று சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி. விடுத்த மிரட்டலால் நின்றுபோன இடைவெளியைத் தவிர, 1980களின் தொடக்கம் வரை 60க்கும் மேற்பட்ட இதழ்கள் வெளிவந்தன.

---

மரு. செந்தாமரை எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு என் துறை சார்ந்து பதில் எழுதுகிறேன்.

செஞ்சதுக்கத்தில் அமர்ந்த எட்டுப் பேரில் ஐவரே 1968 அக்டோபரில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். விளாதிமிர் திரெம்லியூகாவுக்கு மூன்று ஆண்டுகளும், இளங்கவிஞர் வதீம் தெலோனேவுக்கு இரண்டு ஆண்டு பத்து மாதங்களும் முகாம் தண்டனை கிடைத்தன. பாவெல் லித்வீனவ், லரீசா பகராஸ், கன்ஸ்தந்தீன் பபீத்ஸ்கி ஆகியோர் நாட்டுக்குள்ளேயே தொலைதூர இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். தத்தியானா பாயெவா என்ற இளம்பெண்ணை, தற்செயலாக அங்கே வந்ததாகச் சொல்லச் சொல்லி நண்பர்களே காப்பாற்றிவிட்டார்கள். விக்தர் ஃபைன்பெர்க்கின் முன்பற்களைச் சதுக்கத்திலேயே அடித்து உடைத்திருந்ததால், அந்த முகத்தை நீதிமன்றத்தில் காட்ட விரும்பாமல் அவரை மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். எஞ்சியவர் கர்பனேவ்ஸ்கயா. பாலூட்டும் தாயைக் கூண்டில் நிறுத்தினால் உலகம் என்ன சொல்லும் என்ற கணக்கே அவரை அப்போதைக்கு வெளியே வைத்தது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி, நடந்ததை விவரித்து வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு அவர் கடிதம் எழுதினார் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் கணக்கு எவ்வளவு தவறிப்போனது என்பது விளங்கும்.

அவருக்கு மருத்துவமனை புதிதல்ல. 1968 பிப்ரவரியிலேயே, கர்ப்பமாக இருந்தபோது, மகப்பேறு பிரிவிலிருந்து வலுக்கட்டாயமாக மனநல மருத்துவமனைக்கு மாற்றப்பட்டுச் சில நாட்கள் அடைத்து வைக்கப்பட்டார். அந்த அனுபவத்தை 'இலவச மருத்துவ உதவி' என்ற தலைப்பில் அவர் எழுதினார். 1969இல் கைதான பிறகு, மாஸ்கோவின் செர்ப்ஸ்கி மனநல நிறுவனத்தில் அவரைப் பரிசோதித்த மருத்துவர்கள், "மந்தமாக முன்னேறும் மனச்சிதைவு" என்று முடிவு எழுதினார்கள். இந்த நோய்ப்பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாயக்குரல், மாயத்தோற்றம் முதலிய வெளிப்படையான அறிகுறிகள் எவையும் தேவைப்படாத அளவுக்கு அதன் வரையறை தளர்த்தப்பட்டிருந்தது. சீர்திருத்த வேட்கை, நீதிக்காக விடாமல் வழக்காடுதல், சூழலுக்குப் பணிய மறுத்தல் ஆகியவற்றையே நோயின் சான்றுகளாகக் காட்ட முடிந்தது. மருத்துவம் படித்தவர்கள் இதை எழுதிக் கையெழுத்திட்டார்கள் என்பதை என்னால் இன்றும் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

இதன் சட்ட விளைவு மிகக் கொடியது. முகாம் தண்டனைக்கு முடிவுத் தேதி உண்டு. கட்டாயச் சிகிச்சைக்குக் கிடையாது. குணமாகிவிட்டது என்று மருத்துவர் குழு சொல்லும் நாள்வரை நோயாளி உள்ளேதான் இருக்க வேண்டும், குணமாவதன் முதல் அடையாளமோ தன் கருத்துகள் நோயின் விளைவே என்று அவரே ஒப்புக்கொள்வது. 1970 ஜூலையில் நடந்த விசாரணைக்குப் பின், கர்பனேவ்ஸ்கயா கசானில் உள்ள சிறப்பு மனநலச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்கு ஹாலோபெரிடால் கொடுத்தார்கள். மனச்சிதைவுக்கு முறையாகப் பயன்படும் மருந்துதான் அது. ஆனால் பக்கவிளைவைத் தணிக்கும் மாற்று மருந்து இல்லாமல், தேவையற்றவருக்குக் கொடுத்தால், உட்காரவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் உடலே வதையாகும். எழுத்தில் கவனம் நிலைக்காது. 1972 பிப்ரவரியில் அவர் விடுவிக்கப்பட்டார். பாரிசுக்குக் குடிபெயர்ந்த பின் பிரெஞ்சு மனநல மருத்துவர்கள் அவரைப் பரிசோதித்து, நோய் எதுவும் இருந்ததற்கான அறிகுறி இல்லை என்று தெரிவித்தார்கள்.

இத்தகைய வழக்குகள் குவிந்ததால்தான் உலக மனநல மருத்துவச் சங்கம் 1977இல் ஹொனலூலு மாநாட்டில் சோவியத் நடைமுறையைக் கண்டித்தது. வெளியேற்றப்படும் நிலை நெருங்கியதும் 1983இல் சோவியத் சங்கம் தானாகவே விலகிக்கொண்டது.

---

அல்லி எழுதியது:

மேலே எழுதிய இருவருக்கும் என் மரியாதை. எனினும் கவிதையைப் பற்றி ஒரு வரியும் இதுவரை வராததால், இளமாறன் அவர்கள் அஞ்சிய அதே தவறு இந்த இழையிலும் நேர்ந்துவிடக்கூடும் என்று தோன்றுகிறது.

கர்பனேவ்ஸ்கயா எழுதத் தொடங்கியது கவிதை. அவருடைய கவிதைகள் 1960களின் தொடக்கத்திலேயே சமிஸ்தாத் தொகுப்புகளில் உலவின. சோவியத் பத்திரிகைகள் அச்சிட்டவை மிகச் சில. நூலகத்திலும் தொழில்நுட்ப மொழிபெயர்ப்பிலும் வேலை பார்த்துப் பிழைத்தபடி எழுதினார். மாஸ்கோப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர், பின்னர் லெனின்கிராதில் அஞ்சல்வழி படித்து 1964இல் பட்டம் பெற்றார். குறிப்பேட்டை நடத்தியது ஏறத்தாழ இருபது மாதங்கள். கவிதை எழுதியது வாழ்நாள் முழுவதும். இந்த விகிதத்தை உங்கள் உரையில் மறைக்காதீர்கள்.

அவருடைய கவிதைகள் பெரும்பாலும் சிறியவை. எட்டு அல்லது பன்னிரண்டு வரிகளில் முடிந்துவிடும். இயைபும் சந்தமும் இறுக்கமானவை. ஒலியே சில இடங்களில் பொருளை இழுத்துச் செல்லும். அரசியல் முழக்கத்தை எதிர்பார்த்து அவற்றைத் திறப்பவர்கள் ஏமாந்து போவார்கள்: தெரு, ரயில், குளிர், இசை, பிரிவு, இறைவனோடு ஒரு வழக்கு ஆகியவையே அங்கே மிகுதி. பழைய பிழைதிருத்துநர் ஐயா சொன்ன சிக்கனம் கவிதையிலும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே கை இரண்டையும் எழுதியது என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது. குறிப்பேட்டில் "நான்" என்ற சொல்லுக்கே இடமில்லை. கவிதையில் அந்தச் சொல் தப்ப முடியாத சுமையாக இருக்கிறது. என் வாசிப்பில், செய்திக்குரியதைச் செய்தியில் முழுமையாகச் சொல்லி முடித்ததால்தான் கவிதையைப் பிரச்சாரத்திலிருந்து அவரால் காக்க முடிந்தது.

இதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 1973இல் அவர் எழுதிய கவிதை ஒன்றில், அன்று போலந்தின் வார்சாவையும் பின்னர் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராகாவையும் காப்பாற்றாத குற்றம் தன்னுடையதே என்று பேசுகிறார். வார்சா எழுச்சி நசுக்கப்பட்ட 1944இல் அவருக்கு வயது எட்டு. பிராகாவுக்காகவோ, சதுக்கத்தில் அமர்ந்து அதற்கு விலையாகக் கசானில் காலம் கழித்தவர். யாரும் அவர்மீது சுமத்த முடியாத குற்றத்தை அவரே ஏற்றுக்கொள்வதும், தன் நாடு செய்ததற்கு ஒருமையில் பொறுப்பேற்பதும் கவிதையில் மட்டுமே இயலும். குறிப்பேட்டின் மொழியில் அந்த வாக்கியத்தை எழுதவே முடியாது.

அந்தக் குற்ற உணர்வுக்கு அவர் வாழ்விலேயே ஒரு வேரும் இருந்தது. 1957இல் ஹங்கேரி எழுச்சிக்கு ஆதரவாகத் துண்டறிக்கை வெளியிட்ட மாணவ நண்பர்களின் வழக்கில், இருபது வயதான அவரைப் பிடித்து வைத்து விசாரித்தபோது, அவர் அவர்களுக்கு எதிராக வாக்குமூலம் கொடுத்துவிட்டார். பின்னாளில் இதை அவரே வெளிப்படையாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். வீராங்கனைக் கதையை விரும்புகிறவர்கள் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். எனக்கோ 1968இன் உறுதியைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த வழி தெரியவில்லை.

---

இளமாறன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 1957 நிகழ்ச்சி எனக்கு முற்றிலும் புதியது. அதையே உரையின் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். இன்னும் ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். பாரிசில் அவர் கழித்த காலம் மாஸ்கோவில் எழுதிய காலத்தைவிட நீண்டது. அங்கே அவர் பிழைப்புக்காகச் செய்தியாளராக இருந்தாரா, அல்லது அந்தப் பணிக்கும் தனி மதிப்பு உண்டா? போலந்துக் குடியுரிமை பெற்றார் என்று ஓரிடத்தில் படித்தேன். பிரான்சில் வாழ்ந்தவர் போலந்தை நாடியது ஏன்?

---

பழைய பிழைதிருத்துநர் எழுதியது:

1957ஐத் தொடக்கமாக வைப்பது நல்ல யோசனை. அல்லி அம்மையாரின் திருத்தத்தையும் ஏற்றுக்கொள்கிறேன்.

1975 டிசம்பரில் இரு மகன்களுடன் நாட்டை விட்டு வெளியேறி, பாரிசில் குடியமர்ந்தார். விளாதிமிர் மக்சீமவ் 1974இல் தொடங்கியிருந்த 'கன்டினென்ட்' என்ற இலக்கிய அரசியல் காலாண்டிதழின் ஆசிரியர் குழுவில் சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்தார்; 'ரூஸ்கயா மீஸ்ல்' என்ற ரஷ்யப் புலம்பெயர் வார இதழிலும் நெடுங்காலம் பணியாற்றினார். படியெடுத்தல், மெய்ப்புப் பார்த்தல், மொழிபெயர்த்தல், பிறர் கட்டுரையைச் செப்பனிடுதல் என்று பெயர் வெளியே தெரியாத வேலைகளே அவற்றில் மிகுதி. பிழைப்பும் அதில் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கிழக்கு ஐரோப்பிய எழுத்தாளர்களை ரஷ்ய வாசகருக்கு அறிமுகப்படுத்தியதில் அவர் பங்கு பெரிது, அதிலும் போலிஷ் இலக்கியத்தில். போலிஷ் கவிஞர் செஸ்லாவ் மிலோஷை ரஷ்ய மொழியில் பெயர்த்தவர்களில் அவர் முக்கியமானவர்.

போலந்துப் பற்று வேறு வழியிலும் தெரியும். செஞ்சதுக்கத்தில் விரித்த பதாகைகளில் ஒன்றில் இருந்த "உங்கள் விடுதலைக்காகவும் எங்கள் விடுதலைக்காகவும்" என்ற முழக்கம், ஜார் ஆட்சிக்கு எதிராக 1831இல் போலந்துக்காரர்கள் எழுப்பியது. ரஷ்யர்களையும் தம்மோடு விடுதலைக்கு அழைத்த முழக்கம் என்பதால் அதை மாஸ்கோவில் ஏந்தியது மிகப் பொருத்தம். 1980களில் போலந்தில் சாலிடாரிட்டி என்ற தொழிற்சங்க இயக்கம் எழுந்து ஒடுக்கப்பட்டபோது அதைப் பற்றிய செய்திகளை ரஷ்ய மொழியில் கொண்டுவந்ததில் அவருக்கு ஓய்வே இல்லை. பிரான்சில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நாடற்றவர் என்ற ஆவணத்துடனேயே வாழ்ந்தவர், 2005இல் போலந்து வழங்கிய குடியுரிமையை ஏற்றுக்கொண்டார்.

2013 அக்டோபரில் பிராகாவின் சார்லஸ் பல்கலைக்கழகம் அவருக்குப் பதக்கம் வழங்கியது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், ஆகஸ்ட் 25 அன்று, நாற்பத்தைந்தாம் ஆண்டு நிறைவையொட்டி அவர் மீண்டும் செஞ்சதுக்கத்திற்குச் சென்று அதே வாசகம் எழுதிய பதாகையுடன் சிலரோடு நின்றார். அனுமதி பெறவில்லை என்று கூறி, உடன் நின்றவர்களைக் காவலர்கள் பிடித்துச் சென்றார்கள். நவம்பர் 29 அன்று அவர் பாரிசில் காலமானார். கல்லறை அந்நகரின் பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது.

உரைக்கு அரை மணி நேரம்தான் என்றால், குறிப்பேட்டின் ஒரு பத்தியையும் ஒரு கவிதையையும் தமிழில் ஆக்கி, விளக்கம் சொல்வதற்கு முன்பே அடுத்தடுத்துப் படித்துவிடுங்கள். அல்லி அம்மையார் கவிதையை மொழிபெயர்த்துத் தர இசைந்தால் குறிப்பேட்டுப் பகுதியை நான் செய்து தருகிறேன்.